மெஷின் கோளாறுன்னே எழுதுங்க

ஐயோ, அந்தக் கட்டத்துல டிக் பண்ணிடாதீங்க தம்பி. ஒரு நிமிஷம். பேனாவைக் கீழ வைங்க. கோளாறு எதுவும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அப்புறம் அதை யாராலயும் மாத்த முடியாது. இருபத்தாறு வருஷமா இந்த மாதிரி சர்வீஸ் ரிப்போர்ட்டைத்தானே வாங்கி வாங்கி ஃபைல்ல போட்டுக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா. உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன், வந்துடும்.

தெரியும், பொம்மைக் கண்ணை வெச்சுப் பாத்துட்டீங்க. நானும் பக்கத்துலதானே நின்னேன். அது பாட்டுக்கு இடம் வலம்னு டக்கு டக்குன்னு திரும்புச்சு, மெஷினும் அந்தக் கண்ணு திரும்பற வேகத்தை அச்சு மாறாம காட்டுச்சு. அப்புறம் நீங்களே தாடையை வெச்சு, ஓடற லைட்டைக் கண்ணால தொரத்திப் பாத்தீங்க. நானூத்தி இருபது. நல்ல கண்ணு தம்பி, என் கண்ணே பட்டுடும் போல இருக்கு. இந்த வாரம் வந்த பதினாலு பேஷன்ட்டோட ரீடிங்கையும் தோண்டித் தோண்டிப் பாத்துட்டீங்க, அதுலயும் தப்பு இல்ல. சரி. ஆனா கம்ப்ளெயிண்ட்ல என்ன எழுதியிருக்கு? ரெண்டு பேருக்கு ரொம்ப மெதுவா வந்திருக்கு. ரெண்டு பேரும் பேஷன்ட் இல்ல, கண்ணுல ஒரு குறையும் இல்லாதவங்க. அப்ப அது விட்டு விட்டு வர்ற ஃபால்ட்டுதானே? எங்க வீட்டு வாஷிங் மெஷின்கூட மெக்கானிக் வந்து காலிங் பெல் அடிச்ச உடனே ஒழுங்கா ஓட ஆரம்பிச்சிடும். அதுக்காக நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா போவாரு?

யாரா? அந்த ரெண்டு பேரா? இருங்க, சொல்றேன். ஆளு யாருங்கறதா முக்கியம். கம்ப்ளெயிண்ட் குடுத்தது என் பொண்ணு. உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாளே, வெளியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காளே, அவதான். இங்கயே பிஎச்டி பண்றா. என்கிட்ட இல்ல, சொந்தக்காரங்ககிட்ட பண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்கு, அடுத்த ரூம் சார்தான் கைடு. லேப்ல இருந்தா மேடம் மேடம்னு பவ்யமா இருப்பா, வீட்டுக்குப் போனா எதுக்கெடுத்தாலும் சண்டை. அடுத்த மாசம் வைவா. நீங்க இந்த ரூமை விட்டு வெளியில கால் வெச்ச உடனே, ரிப்போர்ட்டைக் குடுங்கன்னு கை நீட்டுவா பாருங்க. வரி வரியா படிப்பா. அதுக்குத்தான் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். அவ படிக்கறப்ப அதுல மெஷின் கோளாறுன்னு இருக்கணும்.

பொய் எழுத மாட்டீங்க. சரிதான். நானும் எழுதினதில்ல தம்பி. ஒரு நம்பரைக்கூடத் திருத்தினதில்ல. நாப்பத்தியொரு கட்டுரை வந்திருக்கு, எவன் வேணும்னாலும் பிரிச்சு மேயட்டும். இந்தப் படிப்பைப் பத்தி யாருக்குத் தெரியுது சொல்லுங்க. ஆர்த்தாப்டிக்ஸ்னா எலும்பு டாக்டரான்னு கேப்பாங்க. எங்க மாமியார் சாகுற வரைக்கும் மருமக கண்ணாடிக் கடையில இருக்கான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. மாறுகண்ணு, பொருள் ரெண்டு ரெண்டா தெரியறது, கண்ணு நிக்காம ஆடறது, எல்லாத்தையும் அளந்து சொல்றது நாங்க. ஆபரேஷன் பண்றது டாக்டர். கட்டுரையில டாக்டர் பேரு முதல்ல வரும், அளந்தவ பேரு கடைசியில வரும், இல்லன்னா அடியில நன்றின்னு ஒரு வரி. அதுக்கே அப்படி ஒரு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன், கூறு கெட்டவ. சோம்பேறிக் கண்ணு வேலை செய்யட்டும்னு நல்ல கண்ணை மூடி ஒட்டு போட்டு அனுப்பினா, பிள்ளைங்க அதைப் பிச்சு நாய்க்குட்டி கண்ணுல ஒட்டிட்டு வந்து நிக்கும். அதுங்களோடயே போச்சு என் காலம். நல்லாத்தான் போச்சு.

புரொபசரா? எங்க ஆனேன். என்கிட்ட படிச்ச பையன் இன்னைக்கு எனக்கு மேல ஹெட்டா உக்காந்திருக்கான். அவன் மேல தப்பு இல்ல. பத்து வருஷம் முன்னாடி ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு. பரம்பரையா வர்ற ஒரு வியாதி, அதுல கண்ணோட வேகம் எப்படிக் குறையுதுன்னு பாக்கணும். ஆளு, மெஷின் எல்லாம் தர்றோம், நீங்கதான் பண்ணணும்னு தேடி வந்து கேட்டாங்க. மாட்டேன்னுட்டேன். ஏன்னு காரணம்கூட சொல்லல. அன்னையில இருந்து இந்தம்மாவுக்கு வளைஞ்சு குடுக்கத் தெரியாது, உதவாதுன்னு பேரு. அதை எடுத்திருந்தா புரொபசர் ஆகியிருப்பேன். கண்ணுல வர்ற எல்லா வியாதியையும் பாத்தேன், அந்த ஒண்ணை மட்டும் கிட்டவே சேக்கல.

ஏன்னா... சரி, நீங்க விட மாட்டீங்க. ஒரு ரீடிங் என்னோடது. போதுமா?

ஆமா, நான்தான். இருநூத்தி அம்பது வந்துச்சு. நானூறு வர வேண்டிய இடத்துல. அது ஒரே நாள்ல வரல. இந்த லேபுக்கு முதல் மெஷின் வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, தினமும் காலையில முதல் ஆளா தாடையை வெச்சு உக்காருவேன். பல்லு விளக்கற மாதிரி ஆயிடுச்சு. மேடம் மெஷினை செக் பண்றாங்கன்னு எல்லாரும் நெனைச்சாங்க. நெனைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி முன்னூத்தி எண்பதுன்னு வந்துச்சு. தூக்கம் பத்தலன்னு நெனைச்சேன். அப்புறம் முன்னூத்தி நாப்பது. கேபிளை மாத்தினேன். உங்க கம்பெனிக்காரங்களை ரெண்டு தடவை வரவெச்சுத் திட்டினேன், பாவம், ஒருத்தர் அழுகாத குறைதான். லைட்டை மாத்தினேன், நாற்காலியை மாத்தினேன். எனக்கு மட்டும் குறைஞ்சுக்கிட்டே போச்சு.

டாக்டரைப் பாக்கணுமா? எந்த டாக்டரை தம்பி? யாருகிட்ட போனாலும் கண்ணோட வேகத்தை அளந்துட்டு வாங்கன்னு என்கிட்டதான் அனுப்புவாங்க.

சிரிங்க, பரவாயில்ல. எங்கப்பா ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தாரு. அம்பது வயசுல, கண்ணைத் திருப்பறதுக்குப் பதிலா தலையைத் திருப்ப ஆரம்பிச்சாரு. யாராவது கூப்பிட்டா முதல்ல தலை திரும்பும், அப்புறம்தான் கண்ணு மெதுவா வந்து சேரும். தலைக்கனம் புடிச்ச மனுஷன்னு பேரு வெச்சாங்க. டைப் அடிக்கறப்ப ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்கு கண்ணு வராது, அடிச்ச வரியையே திரும்ப அடிச்சிடுவாரு. ஸ்கேலை வெச்சு வெச்சுப் படிச்சாரு. அப்புறம் நடை தள்ளாடுச்சு, வாய் குழறுச்சு. குடிச்சிட்டு வர்றாருன்னு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. ஒரு சொட்டு தொட்டதில்ல தம்பி எங்கப்பா. ஊதிக் காட்டறேன் சார், மோந்து பாருங்க சார்னு மேனேஜர் ரூம்ல நின்னு அழுதிருக்காரு. கடைசியில தண்ணியைக்கூட முழுங்க முடியாம போய்ச் சேந்தாரு.

அடுத்த வருஷம் எனக்கு காலேஜ். வேற சீட்டு கிடைக்கலன்னுதான் இந்தப் படிப்புல சேந்தேன், லட்சியம் கிட்சியம் ஒண்ணும் கிடையாது. செகண்ட் இயர்ல ஒரு புஸ்தகத்தைப் புரட்டறேன், அதுல எங்கப்பா இருக்காரு. தலையைத் திருப்பறது, வரி தவறுறது, தள்ளாட்டம், குழறல், ஒண்ணு விடாம எழுதியிருக்கு. சிறுமூளை சுருங்கிக்கிட்டே போற வியாதியாம். முதல்ல கண்ணோட வேகம் போகும், மத்ததெல்லாம் பின்னாடி வரும். மருந்து கிடையாது. அப்பவும் கிடையாது, இப்பவும் கிடையாது. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர்றது பூவா தலையா மாதிரி. லைப்ரரியில உக்காந்து அப்படி அழுதேன். அதுக்கப்புறம் வாயைத் திறக்கல.

ரத்தம் குடுத்தா தெரிஞ்சிடும், ஆமா. குடுக்கல. ரத்தம் ஒரே தடவையில முடிச்சு விட்டுடும். மெஷின் அப்படி இல்ல, காலையில உக்காந்தா இன்னைக்கு ஒண்ணும் இல்ல, போய் வேலையைப் பாருன்னு சொல்லும். எனக்கு அது போதுமா இருந்துச்சு. தெரிஞ்சேதான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், தெரிஞ்சேதான் பிள்ளை பெத்தேன். அவர்கிட்டயும் சொல்லல, அவர் எட்டு வருஷம் முன்னாடி ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு, தெரியாமயே போயிட்டாரு. ஏன் சொல்லலன்னு கேக்காதீங்க.

என் பொண்ணுக்கா? அவளுக்கு எப்படித் தெரியும். இந்தப் படிப்பே வேண்டாம்டின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. அம்மா மாதிரி ஆகணுமாம். ஃபர்ஸ்ட் இயர்லயே, குடும்பத்துல யாருக்கு என்ன வியாதின்னு எழுதிட்டு வரச் சொன்னாங்கன்னு நோட்டைத் தூக்கிட்டு வந்துட்டா. தாத்தா எதுல செத்தாருன்னு கேட்டா. குடின்னேன். குடிச்சுக் குடிச்சே குடல் வெந்து செத்தாருன்னேன். எழுதிக்கிட்டா. எங்கம்மா அப்ப அதே ரூம்ல உக்காந்திருந்தாங்க. என்னை ஒரு பார்வை பாத்தாங்க, அவ்வளவுதான். ஆனா அன்னையில இருந்து என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. அந்த மனுஷனை ஊரு குடிகாரன்னு சொன்னப்ப எங்கம்மா ஒருத்தி மட்டும்தான் இல்லைன்னு வாசல்ல நின்னு சண்டை போட்டாங்க. நான் வீட்டுக்குள்ளயே வெச்சு அவரைக் குடிகாரன் ஆக்கிட்டேன்.

குடிங்க, டீ ஆறுது.

எனக்காகக் கேக்கலங்க. எனக்கு என்ன, இன்னும் நாலஞ்சு வருஷம் சமாளிப்பேன். இப்பவே படியில இறங்கறப்ப கைப்பிடியைப் புடிச்சுக்கறேன், வயசாயிடுச்சுன்னு நெனைச்சுக்கறாங்க. போன திங்கக்கிழமை நான் உக்காந்திருக்கறப்ப அவ சீக்கிரமா வந்துட்டா. வழக்கமா அந்த நேரத்துக்கு வர மாட்டா. ஸ்கிரீன்ல இருநூத்தி அம்பதைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. மேடம், உங்க மெஷின் உளறுது, நகருங்க, நான் உக்காந்து காட்டறேன்னு என்னை எழுப்பிவிட்டுட்டு அவளே தாடையை வெச்சா. நான் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள லைட்டு ஓடிடுச்சு.

முன்னூத்திப் பத்து.

கை தட்டினா தம்பி. பாத்தீங்களா, எனக்கும் மெதுவாத்தான் வருது, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்தா அது மெஷின்தானேன்னு சொல்லி, நின்ன இடத்துலயே உங்க கம்பெனிக்கு கம்ப்ளெயிண்ட் போட்டா. இருபத்தெட்டு வயசு அவளுக்கு. தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரமா வரும்னு அந்தப் புஸ்தகத்துலயே போட்டிருந்துச்சு. அவளும் படிச்சிருப்பா, பரீட்சைக்கு எழுதியிருப்பா. அதுக்கும் தனக்கும் சம்பந்தம் இருக்குன்னு தோணாது, தாத்தா குடிகாரராச்சே. பதினாலு பேஷன்ட்டுக்கு சரியா வந்ததை அவ இன்னும் யோசிக்கல. யோசிப்பா, ரொம்ப நாள் ஆகாது. வைவா முடியட்டும், நானே சொல்லிடறேன். இல்ல, சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியாதா. கேமராவுல கோளாறு, கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறோம்னு ரெண்டு வரி எழுதிட்டு இதைக் கழட்டிக் கொண்டுபோயிடுங்க. இது இங்க இருந்தா நாளைக்குக் காலையில மறுபடியும் உக்காருவா.

இருங்க, அவதான் கதவைத் தட்டறா.

உள்ள வாம்மா. நீ சொன்னதுதான் சரி. மெஷின்தானாம், சார் எழுதிக்கிட்டு இருக்காரு.