அந்தப் பழைய லேப்டாப்தான் வேணும்

இல்ல சார், குச்சி வேணாம். அஞ்சாவது தடவையா அதையே சொல்றீங்க. டிவி பின்னாடி சொருகினா நெட்டுல படம் வரும், எனக்கும் தெரியும். முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவன், சொன்னா புரியாத அளவுக்கு இன்னும் ஆகல. இந்த லேப்டாப்பை டிவியில மாட்டிக் குடுங்க, அது போதும்.

சிரிங்க, சிரிங்க. கிழடுதான். மூடியைத் திறந்தா ஒரு பக்கம் நொண்டும், ஃபேன் சுத்தினா மாவு மில் சத்தம். போன வாரம் ஸ்கிரீனும் கண்ணை மூடிக்கிச்சு. உள்ள உசிர் இருக்கு, வெளிய இருட்டு. அதுக்குத்தானே உங்களை நாலு மாடி ஏற வெச்சேன்? என் மூஞ்சியைப் பாக்கவா?

வயர் சேரலையா? எப்படிச் சேரும்? கடைக்காரர் ஒண்ணு குடுத்தார், ரெண்டு பக்கமும் நீல முனை. டிவியில அந்த ஓட்டையே கிடையாது. போய்க் கேட்டா உங்க டிவி ரொம்பப் புதுசுன்னார். மறுபடி போனேன், உங்க லேப்டாப் ரொம்பப் பழசுன்னார். என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாம விட்டாரே, அதுவரைக்கும் மரியாதை.

ஓ, நடுவுல ஒரு டப்பா வைக்கணுமா? தாராளமா வைங்க. சத்தம் வராதா? வராட்டிப் போகட்டும். ஏன் அப்படி முழிக்கிறீங்க?

டிவியிலயே நான் படம் பாக்குற அக்கவுன்ட்டைத் திறக்கலாமா? அட, அக்கவுன்ட் என்னுதில்ல சார். என் பொண்ணோடது. பாஸ்வேர்டு எனக்கென்ன தெரியும்? கேக்கலாம்தான். பேசினாதானே கேக்க? மூணு வருஷம் ஆச்சு. அன்னைக்குத் தப்பெல்லாம் அவ மேலதான்னு மாடிப்படி முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினேன். பெரிய வீரன். அவ பையை எடுத்தா, போயிட்டா. நம்பரையும் மாத்திட்டா. இந்த லேப்டாப் மட்டும் மேஜை மேல கிடந்துச்சு, அவ அக்கவுன்ட்டு மூடாம.

ம், அந்தப் பொத்தான்தான். அமுக்குங்க... வந்துருச்சு! ஐயோ, எதையும் ஓட விட்டுடாதீங்க சார், அவ நிறுத்தின இடம் நகர்ந்துடும். மெதுவாக் கீழ இறக்குங்க. பாதியில விட்டதெல்லாம் வரிசையா நிக்கும். தினம் காலையில அதைத்தான் பாப்பேன், எட்டு நாளா முடியல. அந்த டாக்டர் தொடர் இருக்கா? கடைசியாப் பாத்தப்போ நாலாவது எபிசோட்ல நின்னுச்சு. இப்ப எத்தனை?

ஏழா? நல்லாப் பாருங்க, நான் கண்ணாடி போடல. ஏழுதானே?

எங்கயோ இருந்து மூணு எபிசோட் பாத்திருக்கா. பேரைப் பாத்தாலே தெரியுது எவ்ளோ மட்டமான தொடருன்னு. அதைப் போயி உக்காந்து பாக்குறாளே. அப்ப உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

சரி சார், அணைச்சிடுங்க.