கிட்ட நின்றவன் நான்

ஓடுகிறோம். கொட்டாஞ்சேனையில் எங்கள் வாடகை வீட்டின் பின்வளவு. 1942 ஏப்ரல் ஐந்து, ஞாயிறு காலை. துறைமுகப் பக்கம் பீரங்கிகள் படபடவென்று வெடிக்கின்றன. தலைக்கு மேலே ஜப்பான் விமானங்கள். முதலில் இரைச்சல். பிறகு நிலம் நடுங்குகிறது.

"குழிக்குள்ள இறங்குங்கோ! தலையைக் குனியுங்கோ!"

கத்துபவன் சிவம். என் மனைவி பாக்கியத்தின் தம்பி. என் மச்சான். அந்தப் பதுங்குகுழியை வெட்டியவனும் அவன்தான். நான் கந்தோர் வேலை முடிந்து வந்து, கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணீர் குடித்தபடி, ஆழம் காணாது என்று சொன்னவன்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மச்சான்தான். அரிசிக்கு வரிசையில் நிற்க மச்சான். பாக்கியத்தைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டிப்போக மச்சான். கலியாணத்தன்று தோழனாக நின்று என் கால் கழுவினான். முறைப்படி நான் அவன் விரலில் மோதிரம் போட்டேன். அதோடு என் கடமை தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன் போலும்.

பாக்கியம் மூத்தவளை அணைத்தபடி குழிக்குள் இருக்கிறாள். சிவமும் உள்ளே. நான் இன்னும் குழியின் மேல்படியில் நிற்கிறேன். அப்போதுதான் அவள் அலறினாள்.

"ஐயோ, சின்னவள் தொட்டிலுக்குள்ள கிடக்கிறாள்!"

நான் தூக்கியிருப்பேன் என்று அவள் நினைத்தாள். அவள் தூக்கியிருப்பாள் என்று நான். வீட்டுக்குக் கிட்ட நின்றவன் நான்தான். திரும்பி ஓடியிருக்கலாம். என் வாய் வழக்கம்போலக் கூப்பிட்டது.

"மச்சான்! ஓடு, பிள்ளையைத் தூக்கு!"

"ஓம் அத்தான்."

என்னை விலக்கிக்கொண்டு ஏறி ஓடினான். நான் குழிக்குள் இறங்கினேன். பிள்ளையோடு திரும்பி வந்தான். குழி விளிம்பில் குனிந்து நீட்டினான். "பிடியுங்கோ அத்தான்!" பிடித்தேன். குண்டு பக்கத்து வளவில் விழுந்தது. காது அடைத்தது. மண் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தபோது விளிம்பில் அவன் இல்லை.

அவனைக் குளிப்பாட்டும்போது கால்களை நான் கழுவினேன். கழுவக் கழுவ மண் வந்தது. மோதிரம் விரலிலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது. இன்றும் வெட்கம்தான்.

"நீங்கள் ஏன் போகேல்லை?" என்று பாக்கியம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இழந்தவை: கூரை ஓடு பாதி. அடுப்போடு குசினிச் சுவர். பிள்ளையின் தொட்டில். மச்சான் ஒருவன், வயது இருபத்திரண்டு.

சின்னவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருக்கத் தாய்மாமன் இல்லை. நானே வைத்திருந்தேன். ஊசி பட்டதும் வீறிட்டு அழுதாள். என் வாய் "மச்சான்!" என்று கூப்பிட்டுவிட்டது. வந்திருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. பாக்கியத்தின் காதிலும்.