ஃபயர்வால் இல்லாத ஒரு வாரம்

சாயங்காலம் ஒத்தக்கடையில் பஸ் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னதைக் கேட்டு, படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஒரு வாரமா நான் டெஸ்ட் பண்ணுனது ஒண்ணுமே இல்லாததைத்தான்டி."

"என்னடி சொல்ற?"

"நெட்ல சும்மா கிடைக்குதுல்ல ஃபயர்வால், வர்ற டேட்டாவை வடிகட்டுமே, அதைப் போட்டா நெட்வொர்க் எம்புட்டு மெதுவாகுதுன்னு பாக்குறதுதான் என் ப்ராஜெக்ட். நெட் கம்பெனி சொன்ன வேகத்துல கொஞ்சங்கூடக் குறையல. அம்புட்டு சந்தோசமா இருந்தேன். இன்னைக்குக் காலையில பாத்தா, அதை ஆன் பண்ணவே இல்ல."

"அய்யய்யோ! இன்னைக்குத்தானே வைவா?"

"அழுகையே வந்துருச்சு. ஆன் பண்ணி, மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் திரும்ப ஓட்டுனேன். லேசாத்தான் குறைஞ்சுச்சு. பழசைத் தூக்கிப்போட மனசில்லாம, 'ஃபயர்வால் இல்லாதபோது'ன்னு தலைப்புப் போட்டுப் பக்கத்துலயே வச்சுட்டேன்."

"வைவால கேள்வி கேட்ட சார் என்ன சொன்னாரு?"

"இல்லாமயும் அளந்து பாக்கணும்னு உனக்கு மட்டும் எப்படிம்மா தோணுச்சுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆன் பண்ண மறந்துட்டேன் சார்னு சொல்லிட்டேன். சிரிச்ச சிரிப்புல மனுசன் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் தொடைச்சாருடி."