திரை சொன்ன நூறு ரூபாய்

காவல் ஆய்வாளர் அவர்களே, திரையில் தொகையைக் காட்ட, ஒரு ரூபாய் என்றால் ஒரு வாக்கியமும் பல ரூபாய் என்றால் வேறொரு வாக்கியமும் கணினிக்கு எழுதித் தரவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வைட்ஃபீல்டில் ஒரு கடன் செயலிக்கு அவற்றைத் தமிழில் எழுதிய இராஜமாணிக்கம் நான்.

மக்களுக்குப் புரியாத மொழியில் வாங்கப்படும் ஒப்புதல் வழிப்பறி என்று மேடைதோறும் பேசியவன். செயலியின் திரை தமிழிலும் வரவேண்டும் என்று அலுவலகத்தில் நெடுநாள் போராடினேன். இறுதியில் மேலாளர் ஷில்பா இறங்கிவந்தார். "ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வரட்டும், தமிழைத் தூக்கிடுவேன். ஆய்த்தா, சரியா?" என்றார்.

எங்களிடம் எதையும் ஒரு ரூபாய் செலுத்தித்தான் சோதிப்பது வழக்கம். அந்த வாக்கியம் சரியாகவே இருந்தது. பல ரூபாய்க்கான வாக்கியத்திலோ, தொகை வந்து அமரவேண்டிய இடத்தில் மாதிரிக்காக நான் எழுதிய 'நூறு' அப்படியே நின்றுவிட்டது. எவரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். என் வீட்டில் வேலை செய்த ஜீவனஹள்ளிப் பாஞ்சாலியின் கைப்பேசியில் பார்த்தேன். மகளின் நர்சிங் படிப்புக்காகக் கடன் கேட்டிருந்தாள். செயலியை ஏற்றிக் கொடுத்தவனும் நானே. வாரத் தவணை இரண்டாயிரம். திரை நூறு என்றது.

"நம்ம பாஷையிலயே கேக்குதுண்ணா. வாரம் நூறு ரூபாதானே, கட்டிருவேன்."

அவள் விரல் திரைமேல் நின்றது. சொல்லியிருக்கலாம். சொன்னால் பிழையைப் பதியவேண்டும். ஓசையின்றித் திருத்தவும் ஷில்பாவின் ஒப்புதல் வேண்டும். தமிழ் போய்விடும்.

"அழுத்தும்மா," என்றேன்.

அவள் சம்பளம் முழுவதும் வங்கிக் கணக்கிலிருந்து தவணையாகத் தானே கழிந்துகொண்டிருந்தது. ஒருநாள் கேட்டாள்: "நூறுன்னுதானேண்ணா இருந்துச்சு? நான்தான் சரியாப் படிக்கலையா?"

"ஆமாம், நீதான் சரியாப் படிக்கல."

அவள் மறுக்கவில்லை. "மன்னிச்சிருங்கண்ணா, உங்களுக்கும் சங்கடம்," என்றாள். மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினாள். அடுத்த நாள் அவள் வீட்டுக் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். என் வீட்டில் அவள் கடைசியாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பாத்திரங்களை நான் இன்னும் நிமிர்த்தவில்லை.

அந்தத் திரை இன்றும் நூறு என்றே சொல்கிறது. பார்ப்பவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள் போலும்.

பாஞ்சாலியைக் கொன்றவன் நான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடமை தவறினேன் என்று எழுதாதீர்கள். அவளுக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்து, ஜீவனஹள்ளி முழுதும் ஒட்டியவனும் நானே. அச்சுக்குப் போகுமுன் வரிவரியாகச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.