அண்ணனுக்கு ஒரு க்ரீம்

ஃபெர்கல்: இல்லைங்க கிரான்யா, எனக்கில்ல. அண்ணனுக்கு.

கிரான்யா: போன மாசம் இதே மருந்துக்கடையில என்கிட்டதானே வாங்கினீங்க, அதுவும்...

ஃபெர்கல்: அண்ணனுக்குத்தான். தீர்ந்துடுச்சு. அவருக்குக் கொஞ்சம் பெரிய மூஞ்சி.

கிரான்யா: கிறிஸ்துமஸ் பார்சல் கொண்டுவந்தப்போ, மூணு அக்காவுக்கு அப்புறம் ஒத்தை ஆம்பளப் பிள்ளைன்னு சொன்ன போஸ்ட்மேன் யாரு?

ஃபெர்கல்: ...பெரியப்பா மகன். அவரும் அண்ணன்தானே.

கிரான்யா: சரி, அந்தப் பெரியப்பா மகனுக்கு என்ன பண்ணுது?

ஃபெர்கல்: மூக்கும் கன்னமும் எப்பவும் செக்கச்செவேல்னு இருக்கும். ரோசேஷியான்னு டாக்டர் சொன்னார்.

கிரான்யா: அயர்லாந்துல தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கு. அப்புறம்?

ஃபெர்கல்: கொரோனாவுக்கு மாஸ்க் போட ஆரம்பிச்சதுலேருந்து கொப்புளம் வேற. எரியுது... எரியுதாம்.

கிரான்யா: உள்ள மூச்சுச் சூடு, ஈரம். எரியாம என்ன செய்யும்? நாள் பூரா ஒரே மாஸ்க்கா?

ஃபெர்கல்: மழையில சைக்கிள்ல தபால் பையோட... ச்சே, அவருக்கு ஏது சைக்கிள்! ஆமா, ஒரே மாஸ்க்தான்.

கிரான்யா: நனைஞ்சா மாத்தணும். வாசனை சோப்புல துவைக்கக் கூடாது. வேற எதையாவது பூசினாரா?

ஃபெர்கல்: அக்காவோட எக்ஸிமா ஆயின்மென்ட்...

கிரான்யா: அட கடவுளே! அது ஸ்டீராய்டு! இதை இன்னும் மோசமாக்கும். முதல்ல டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க... சொல்லச் சொல்லுங்க. சுடச்சுட டீ குடிச்சதும் மாஸ்க்கை இழுத்துவிட்டா மூக்கு நுனியில ஊசி குத்துமே, அதுவும் உண்டா?

ஃபெர்கல்: அப்படியேதான்! உங்களுக்கு எப்படித் தெரியும்?

கிரான்யா: ...படிச்சிருக்கேன்ல.

ஃபெர்கல்: ஆனா மாஸ்க் வந்தப்புறம்தான் அவருக்கு நிம்மதியே. ஒரு சொட்டு குடிக்க மாட்டார். குடிக்காதவங்க குத்திக்கிற பேட்ஜ் சட்டையில. மேல பார்த்தா இந்த மூக்கு! சாவு வீட்டுல லெமனேட் கேட்டா கண்ணடிச்சுட்டு விஸ்கி ஊத்தறாங்க.

கிரான்யா: ஹ ஹா! உங்க கோட்டுல இருக்கே, அதே பேட்ஜா?

ஃபெர்கல்: ...குடும்பமே அப்படிங்க.

கிரான்யா: சரி, இப்ப என்ன அவசரம்?

ஃபெர்கல்: திங்கள்லேருந்து கடைகள்லகூட மாஸ்க் கட்டாயமில்லையே. ஒரு பொண்ண டீக்குக் கூப்பிடணும்னு... ரெண்டு வருஷம் முன்னாடி ஊருக்குப் புதுசா வந்தவ. இவரு மூஞ்சியைப் பார்த்ததே இல்ல.

கிரான்யா: எங்க வேலை அந்தப் பொண்ணுக்கு?

ஃபெர்கல்: கடையில. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு...

கிரான்யா: கறிக்கடையா?

ஃபெர்கல்: கிரான்யா!

கிரான்யா: சரி சரி. கூப்பிட என்ன பயம்?

ஃபெர்கல்: குடிகாரன்னு நினைச்சு எழுந்து போயிட்டா? கண்ணாலேயே சிரிப்பா அவ. அந்தச் சிரிப்பும் இல்லாம போயிடும். பேசாம இருந்துடலாம்னு தோணுது... அண்ணனுக்கு.

கிரான்யா: இந்த க்ரீம் கேக்க ஆறு வாரமாவது ஆகும்.

ஃபெர்கல்: அப்போ ஆறு வாரம் கழிச்சு...

கிரான்யா: அதெல்லாம் வேண்டாம். திங்கள் நாலு மணி, பாலத்துக்குப் பக்கத்து டீக்கடை. அண்ணனை வீட்டுல விட்டுட்டு நீங்க வாங்க.

ஃபெர்கல்: அவ... எழுந்து போயிட மாட்டாளே?

கிரான்யா: போக மாட்டேன். என் மூஞ்சியை எப்படிக் காட்டறதுன்னு மூணு நாளா நானே இந்த க்ரீமை அப்பிக்கிட்டு உக்காந்திருக்கேன்.