பூசை அலமாரியில் வெடித்த புட்டிகள்

என் பெயர் லூயிஸ் பிரகாசம். தகப்பனார் சவரிமுத்து. வயது ஐம்பத்திரண்டு. கச்சேரி ரோட்டுக்குத் தெற்கே, மாதா கோயில் சந்தில் குடியிருக்கிறேன். அந்தக் கோயிலில் பத்தொன்பது வருஷமாகக் கோயிற்பிள்ளை வேலை. பூசைத் துணி, மெழுகுவர்த்தி, திராட்சை ரசம் எல்லாம் என் பொறுப்பு. சனிக்கிழமை இதே ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்தது பொய். இன்று 1934ஆம் வருஷம் ஆகஸ்டு 20ஆம் தேதி திங்கட்கிழமை, யாரும் கூப்பிடாமல் நானே வந்து சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் முன் சொல்வதாவது.

பூசை ரசத்தை சர்க்கார் அனுமதியின் பேரில் நானே செய்கிறேன். பழம் நூர் முஹம்மதுவினுடையது. அடையாற்றங்கரையில் குத்தகைத் தோட்டம் வைத்திருக்கிறார். கடை உரம் தொடமாட்டார். சாணமும் வேப்பம்புண்ணாக்கும்தான், கொடி கழிப்பதுகூட பிறை பார்த்துத்தான். அந்தப் பழத்தை நசுக்கி ஜாடியில் போட்டால் தானாகப் பொங்கி, தானாக அடங்கி, மெல்லிய சிவப்பில் தெளியும். வெளியிலிருந்து ஒரு துளி சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அதை வைத்துச் செய்த பூசை செல்லாது என்பது எங்கள் சபைச் சட்டம். சீமைப் புட்டிக்கு இது குறைந்ததல்ல என்று நானே பலரிடம் பீற்றிக்கொண்டதுண்டு.

இந்த வருஷம் கையிருப்பு தீர்ந்துவிட்டபடியால் ஏப்ரல் இரண்டாம் வாரமே பழத்தைப் பறிக்கச் சொன்னேன். நூர் முஹம்மது கோயில் வாசலில் பலர் கேட்கச் சத்தம் போட்டார். "இன்னா நைனா, பத்து நாள் பொறுக்க மாட்டியா? பழம் இன்னும் புளிச்சிக்கினு கீது." தோட்டக்காரன் எனக்குச் சொல்வதா என்று நானும் சத்தம் போட்டுப் பறிக்க வைத்தேன். அதன் பிறகு ஜாடியில் சாறு சரியாகப் பொங்கவில்லை, வாயில் வைத்தால் பல் கூசியது. பிடிவாதம் பிடித்து வாங்கிய பழம் வீண் என்று சுவாமியாரிடம் சொல்ல எனக்கு வெட்கம். ஆகவே இரண்டு வீசை வெள்ளைச் சர்க்கரை வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஜாடியில் கொட்டிக் கலக்கினேன். அது முழுக்க அடங்கும் முன்பே ஜூன் முதல் வாரம் புட்டிகளில் அடைத்துத் தக்கையைக் கம்பியால் கட்டினேன். ஜூன் 24 முதல் தினப்பூசைக்கு அதையே வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தபோது, பூசைச் சாமான் அறை அலமாரியில் இருந்த புட்டிகள் வெக்கையில் பொங்கி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. காலிக் கூடைகளை எடுத்துப்போக வந்த நூர் முஹம்மது அப்போது தாழ்வாரத்தில் நின்றிருந்தார். நான் திரும்பி வந்தபோது சபையார் அவரைத் தூணோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். சட்டையெல்லாம் சிவப்பு, உள்ளங்காலில் கண்ணாடி. "வாசல்ல சண்ட போட்டவன்தானே, பூச சாமான ஒடச்சிட்டான்" என்றார்கள். அவர் என்னைப் பார்த்து, "நீ சொல்லு நைனா" என்றார்.  அதன் பிறகு இங்கே வந்து, அவர் உடைத்தார் என்று கையெழுத்துப் போட்டேன். சர்க்கரை விஷயம் வெளியே வந்துவிடுமே என்ற பயத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி அமீனா பீ என் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. "பதினொரு வருஷமா சாராயம் கீற ரூம்னு அவுரு அந்த வாசப்படி தாண்டினதில்ல, அண்ணாத்தே. சத்தம் கேட்டதும் நீ உள்ள அடிபட்டுக் கெடக்கிறேன்னு நெனச்சி ஓடினாராம்" என்று சொல்லிவிட்டு நின்றார். நான் உட்காரச் சொல்லவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. விடியும்வரை எந்தப் பக்கம் புரண்டாலும் சுவராக இருந்தது. வாயை மூடினால் அவர் ஜெயிலுக்குப் போவார். திறந்தால் எட்டு வாரமாக நடந்த பூசைகள் எல்லாம் வீண். அவற்றில் முப்பத்தேழு, இறந்தவர்களுக்காக வீட்டார் கேட்டுக்கொண்ட பூசைகள். அந்த வீடுகள் எல்லாம் எனக்குத் தெரியும்.

இதைச் சொன்னால் உம்முடைய வேலை நிலைக்குமா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். நிலைக்காது. நூர் முஹம்மது ஒரு புட்டியைக்கூடத் தொடவில்லை. அவரை இப்போதே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கிருந்து நேரே சுவாமியாரிடம் போய், அதன் பிறகு வீடு வீடாகப் போகவேண்டும்.

என் மனைவி டோரதியின் வருஷத் திவசப் பூசை ஜூலை 12ஆம் தேதி நடந்தது. அந்தக் கிண்ணத்தில் ரசத்தை ஊற்றி வைத்தவன் நான்தான். ஊற்றும்போதே அது செல்லாது என்று எனக்குத் தெரியும்.

மேலே எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினார்கள். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. யாரும் மிரட்டவில்லை. என் அறிவுக்கு எட்டியவரை இதுவே உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லூயிஸ் பிரகாசம்