கயிறு அறுத்த பூவரசு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், இந்தச் சூரங்கரையில் அரியநாச்சி என்று ஒருத்தி இருந்தாளாம். எந்த ராஜா காலம் என்று கேட்காதீர்கள். கேட்டால் மூன்று ராஜா பேர் சொல்லுவேன், மூன்றும் தப்பாயிருக்கும். ஆடு வளர்க்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டவள். அது மட்டும் நிச்சயம்.

அவளுக்கு மூன்று பிள்ளை பிறந்து, மூன்றும் இருபது நாள் தாண்டவில்லையாம். அப்போதெல்லாம் பிள்ளை பிறந்ததும் இடுப்பில் கருப்புக் கயிறு கட்டுவார்கள். இறுகினால் பிள்ளை தங்கும். தளர்ந்தால் போகும். மூன்று தடவையும் தளர்ந்தது.

தாயின் முதல் பாலை, மஞ்சளாயிருக்கிறது, சீழ் என்று தரையில் பீய்ச்சிவிடுவார்கள். பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணீரில் கருப்பட்டி கரைத்துச் சங்கில் புகட்டுவார்கள். இத்தனைக்கும், மாடு கன்று போட்டால் அதே மஞ்சள் சீம்பாலைக் காய்ச்சி, வட்டிலை வழித்துத் தின்கிற ஊர் இது.

நாலாவது பிறந்தது. ஆண். மாமியார் கோட்டையம்மாள் கயிற்றைக் கட்டிவிட்டுச் சங்கை எடுத்தாளாம்.

"வேண்டாம் அத்தை. சீம்பால் குடிக்காத குட்டி பிழைச்சு நம்ம பட்டியிலே பார்த்திருக்கீங்களா?"

"நீ என்ன ஆடாடீ?"

"ஆடாப் பிறந்திருந்தா மூணையும் வளர்த்திருப்பேன்."

பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு, தழை அறுக்கிற அரிவாளைப் பக்கத்தில் வைத்தாளாம். "சங்கு உள்ளே வந்தா, கை வெளியே போகாது."

இரண்டாம் நாள் கயிற்றுக்குள் ஒரு விரல் போனது. மூன்றாம் நாள் இரண்டு விரல் போனது.

"சீழைக் குடுத்துக் கொல்லுறியே, பாவி!" வாசலில் கோட்டையம்மாள் மண்ணை அறைந்து அழுதாளாம்.

உள்ளே அரியநாச்சிக்கும் நடுக்கம்தான். ஆட்டை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைத்துவிட்டோமே, கொன்றவள் என்று இவர்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்வேனே என்று நினைத்தாளாம். நாலாம் நாள் பிள்ளையோடு எழுந்து, கதவைத் திறந்து, அவளே சங்குக்குக் கை நீட்டிவிட்டாளாம்.

பிள்ளையைத் தாங்கிய கையில் வெதுவெதுப்பாக ஓடியது. மூத்திரம். முன்பு போன மூன்றும் கடைசி நாட்களில் துணி நனைக்கவே இல்லை. இவனுக்குக் காலையிலிருந்து இது நாலாவது துணி. நீட்டிய கையை இழுத்துக் கதவைச் சாத்தினாளாம்.

ஏழாம் நாள் ஒரு விரல்தான் போனது. பன்னிரண்டாம் நாள் அதுவும் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தளர்ந்துவிடுமோ என்று பயம்.

இருபதாம் நாள் பிள்ளை வீறிட்டு அலறியதாம். "போச்சு, நாலாவதும் போச்சு!" என்று கோட்டையம்மாள் கதவை இடித்துக்கொண்டு ஓடி வந்தாளாம். பார்த்தால், கயிறு இடுப்புச் சதையில் பதிந்து கிடக்கிறது. விரல் நுழையவில்லை. நகம் நுழையவில்லை.

"அறுங்க அத்தை."

"கை நடுங்குதே, ஆத்தா."

"எனக்கு இருபது நாளா நடுங்குது. அறுங்க."

கோட்டையம்மாள் அரிவாள் நுனியை முடிச்சில் கொடுத்து அறுத்தாளாம். அறுத்ததை வாசல் பூவரசில் கட்டினாளாம். பிறகு அந்த மாமியாரே தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாளாம். உள்ளே மூன்று பழைய கயிறுகள், புதைக்கும் முன் கழற்றி வைத்தவை. அவற்றையும் பக்கத்தில் கட்டினாளாம்.

அந்தப் பூவரசுதான் இது. இன்றைக்கும் இந்த ஊரில் முதல் பால் தரையில் விழாது. கருப்பட்டித் தண்ணீர் கரைப்பதுண்டு, ஆனால் அந்தச் சங்கை மாமியார்தான் குடித்துத் தீர்க்க வேண்டும். முதல் கயிற்றையும் அவள்தான் அறுக்க வேண்டும். அதை இந்தக் கிளையில் கட்டும்போது கூடவே மூன்று கருப்பு நூல் கட்டுவார்கள். அவற்றை மட்டும் இறுக்கிக் கட்ட மாட்டார்கள்.